பயணம் நிறுவனத்துக்கு, கடன் ஊழியருக்கா?

அலுவல் பயணத்துக்கான விமானச் சீட்டையும் தங்கும் விடுதியையும் ஊழியரே தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சில நிறுவனங்கள் வழங்குகின்றன. இதனை வரவேற்கிறோம். களைப்பின்றிச் சென்று திரும்பும் வழி, பயணம் செய்பவருக்கே நன்கு தெரியும்.

ஆயினும், தேர்வு ஊழியருடையது என்பதற்காகச் செலவின் சுமையும் அவருடையதாகிவிடக் கூடாது. சொந்தக் கடன் அட்டையில் பணம் செலுத்திவிட்டு, அத்தொகை அலுவலகத்திலிருந்து வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருப்போரை எங்கள் கிளைகளில் காண்கிறோம். அட்டையின் வட்டியில்லாக் காலம் பெரும்பாலும் 50 நாட்களுக்குள் முடிந்துவிடும். அதன்பின் ஏறும் வட்டிக்குப் பயணப்படியில் இடமில்லை. நிறுவனத்துக்கும் இழப்பு உண்டு: விமானச் சீட்டில் அதன் ஜிஎஸ்டி எண் இடம்பெறாவிடில் உள்ளீட்டு வரி வரவைக் கோர இயலாது.

எனவே, தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. செலவு வரம்பை எழுத்து மூலம் அறிவியுங்கள். முன்பணமோ நிறுவனத்தின் பெயரிலான அட்டையோ கொடுங்கள். ரசீதுகள் வந்த 7 நாட்களுக்குள் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். வரம்புக்குட்பட்ட தேர்வை ஊழியரிடமே விட்டுவிடுங்கள்.

மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம், தன் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது முறையன்று.