கசப்புக்கு ஒரு சிபாரிசு

எங்கள் தென்காசிப் பக்கம் இனிப்பு என்றால் அல்வாதான் அளவுகோல். கையில் எடுத்தால் நெய் ஒட்டணும், வாயில் போட்டால் தித்திப்பு தொண்டை வரை இறங்கணும். அதைக் குறை சொல்ல மாட்டேன். கோதுமைப் பால், சர்க்கரை, நெய் இந்த மூன்றும்தான் அல்வா. சர்க்கரையைக் குறைத்தால் அது களி. ஆனால் சாக்லேட்டுக்குக் கசப்புதான் பிறவிக் குணம். அதையும் அல்வா மாதிரித் தித்திக்க வைக்கிறோமே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

இப்போது பேரன் பேத்திகள் லீவுக்கு வந்தால் வீட்டுக்கு வீடு சாக்லேட் ட்ரஃபிள் உருட்டுகிறார்கள். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான். கோகோ தூளில் புரட்டிய உருண்டை மண் ஒட்டிய அந்தக் காளான் மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். சாக்லேட்டும் க்ரீமும் போதும். நம் வீடுகளிலோ ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், கோகோ, மாரி பிஸ்கட் பொடி என்று முடித்துவிடுகிறார்கள். 400 கிராம் டின்னில் கிட்டத்தட்ட 180 கிராம் சர்க்கரை உட்கார்ந்திருக்கிறது! அப்புறம் "சர்க்கரையே போடலை தாத்தா" என்று ஒரு உருண்டையை நீட்டுவார்கள். சுகர் மாத்திரை போடுகிறவர்களும் நம்பி இரண்டு எடுத்துக்கொள்வார்கள். என் கோபமெல்லாம் இங்கேதான்.

சரியான முறையிலும் சர்க்கரை தனியாகப் போடுவதில்லை. அதனால் குறைப்பதற்கு ஒரே இடம், வாங்குகிற சாக்லேட். 55 சதவீதக் கோகோ என்று போட்ட டார்க் சாக்லேட்டில் மீதி பெரும்பாலும் சர்க்கரைதான். 200 கிராம் அது, 100 கிராம் க்ரீம் எடுத்து 24 உருண்டை பிடித்தால் ஒன்றுக்குச் சுமார் மூன்றே முக்கால் கிராம். 70 சதவீதம் வாங்கினால் இரண்டரை. அதற்காகச் சுகர்காரர்கள் தட்டைக் காலி பண்ணலாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். ஒன்றே ஒன்று, அதுவும் மெதுவாக.

உறையைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். சர்க்கரை முதலில் இருந்து, பின்னால் தாவர எண்ணெய்க் கொழுப்பும் வந்தால் அது காம்பவுண்ட். குற்றாலத்தில் ஒரு சீசன் கடையில் 'ஹோம்மேட்' என்று சொல்லி எனக்கு விற்றது அந்த ஜாதிதான். மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டியது. கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும், வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். சித்திரை வெயிலில் உருட்ட முடியாததும் அதனால்தான். ஆனி ஆடிச் சாரலில் உட்கார்ந்து உருட்டுங்கள், கை சொன்னபடி கேட்கும்.

கருப்பட்டி போட்டால் கெடுதல் இல்லை என்று ஒரு கட்சி இருக்கிறது. கருப்பட்டி மணம் எனக்கும் உயிர்தான். ஆனால் அதிலும் பெரும்பங்கு சர்க்கரையே. மணத்துக்குப் போடுங்கள், மருந்து என்று போடாதீர்கள்.

செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். க்ரீமைத் தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றி, இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டுப் பிறகு கலக்க வேண்டும். 70 சதவீதம் என்றால் க்ரீம் 25 கிராம் கூடுதலாக வேண்டும். எண்ணெய் பிரிந்தால் பதற வேண்டாம், ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டால் சேர்ந்துகொள்ளும்.

சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு அடங்கும். வாசனைக்கு ஜாதிக்காய். கம்பெனிக் காலத்திலேயே குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சரக்கை விட்டுவிட்டு வெனிலா எசென்ஸ் பாட்டிலைத் தேடுவானேன்? ஒரு ஜாதிக்காயை இரண்டு இழுப்பு துருவினால் 24 உருண்டைக்கும் தாராளம்.