சுவரில் ஏறினால் போதுமா? பாறையில் உயிரைக் காக்கும் பழைய வித்தை!

4.74 நொடி!

2024 ஆகஸ்டில் பாரீஸ் ஒலிம்பிக்கில், அமெரிக்க வாலிபர் சாம் வாட்சன் 15 மீட்டர் உயரச் சுவரில் ஏறி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் இது. கிட்டத்தட்ட 5 மாடி உயரம். "அடேங்கப்பா!" என்று வாயைத் திறந்தவர்கள் மூடுவதற்குள் ஆள் உச்சிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அது உலக சாதனை. ஆனாலும் அவருக்குக் கிடைத்தது வெண்கலப் பதக்கம்தான்!

சுவர் ஏறும் விளையாட்டு ஒலிம்பிக்கில் நுழைந்தது 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில். இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதில் மோகம் வந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் செயற்கைச் சுவர் கட்டி, கட்டணம் வாங்கிக் கற்றுத் தருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆபீஸ் முடிந்து பெரியவர்களும் வருகிறார்கள்.

நல்லதுதான். கை, கால் உறுதிப்படும். பயம் போகும். கொஞ்ச நேரமாவது செல்போனைக் கீழே வைப்பார்கள்.

ஆனால் ஒரு விஷயம். ஆறு மாதம் சுவரில் பழகியவர்களுக்கு, "நிஜப் பாறையில் ஏறிப் பார்த்தால் என்ன?" என்று ஆசை வருகிறது. பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் ரெயில் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிறது ராமநகரம். 1975-ல் வந்த "ஷோலே" படத்தில் கொள்ளைக் கூட்டம் பதுங்கியிருக்குமே, அந்தப் பாறைகள்தான்!

அங்கே போய் நின்றால்தான் தெரிகிறது, சுவர் வேறு, பாறை வேறு என்று.

என்ன வித்தியாசம்?

ஒலிம்பிக் வேகப் போட்டியில் உலகம் முழுவதும் ஒரே சுவர், ஒரே மாதிரிப் பிடிகள். கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஏறுகிற அளவுக்குப் பழகலாம். பயிற்சிச் சுவரிலும் கயிறு மாட்டும் இடத்தை எல்லாம் யாரோ முன்பே சரிபார்த்து வைத்திருப்பார்கள்.

பாறையிலும் இப்படி ஒரு முறை உண்டு. பாறையைத் துளைத்து, சில அடிக்கு ஒன்றாக இரும்பு போல்ட் அடித்து வைத்திருப்பார்கள். ஏறுகிறவர் ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கியை மாட்டி, அதில் கயிற்றைப் போட்டுக்கொண்டே போகவேண்டியதுதான். 1980-களில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இந்த முறை வேகமாகப் பரவியது. இதற்குப் பெயர் "ஸ்போர்ட்" ஏற்றம்.

இன்னொரு முறை பழையது. "டிராட்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் பாறையில் எதுவும் அடித்து வைத்திருக்காது. முதலில் ஏறுகிறவர், பாறையில் உள்ள வெடிப்பைப் பார்த்து, அதற்கு ஏற்ற உலோகக் கருவியை அவரே சொருகவேண்டும். அதில் கயிற்றை மாட்டவேண்டும். பிறகு மேலே ஏறவேண்டும். பின்னால் வரும் கூட்டாளி எல்லாக் கருவிகளையும் கழற்றிக்கொண்டே வருவார். கடைசியில் பாறையில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

கணக்கு எளிது. கடைசியாக வைத்த கருவிக்கு 6 அடி மேலே இருக்கும்போது கை வழுக்கினால், அதற்குக் கீழே 6 அடி வரை போவார். மொத்தம் 12 அடி. அதோடு கயிறு இழுபடும் நீளமும் சேரும். கருவி தாங்கினால் ஆள் தொங்குவார். தாங்காவிட்டால்?

அதனால்தான் கருவி வைப்பவரின் கண்ணும் கையும் தேறியிருக்கவேண்டும்.

தண்டவாளத்து நட்டு!

இந்த வித்தை பிறந்த கதை சுவையானது. பிரிட்டனில் அந்தக் காலத்தில் ஏறுகிறவர்கள், கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அதைப் பாறை வெடிப்பில் இறுக்கி, சுற்றிக் கயிறு கட்டுவார்கள்.

வேல்ஸ் பகுதியில் ஸ்னோடன் மலை உச்சிக்கு ரெயில் போகிறது. பக்கத்துப் பாறைக்கு ஏறப் போனவர்கள், தண்டவாள ஓரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கினார்கள். நட்டின் ஓட்டையில் கயிற்றைக் கோத்து வெடிப்பில் சொருகினார்கள். கல்லைவிட நன்றாகப் பிடித்தது! 1960-களின் தொடக்கத்தில் இதற்கென்றே கருவி செய்து விற்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அதன் பெயர் "நட்டு"தான்.

1978-ல் இன்னொரு கருவி கடைக்கு வந்தது. அமெரிக்கர் ரே ஜார்டின் கண்டுபிடித்தது. விசையை இழுத்தால் சுருங்கும். வெடிப்புக்குள் வைத்து விட்டால் விரிந்து பிடிக்கும். கீழே இழுக்க இழுக்க இன்னும் இறுகும்.

சொந்தச் சரக்கையே வேண்டாம் என்றவர்!

கடைக்காரர்கள் கேட்கவேண்டிய கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் இவோன் ஷுனார்ட் என்பவர் பட்டறை வைத்து, பாறையில் அடிக்கும் இரும்பு ஆணி செய்து விற்றார். நல்ல வியாபாரம். ஆனால் ஆணியை அடித்து அடித்துப் பிடுங்கியதில், யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பாறை வெடிப்புகள் சிதைந்துபோனதை அவரே பார்த்தார்.

1972-ல் அவர் தம் கடை விலைப்பட்டியலிலேயே, "ஆணியை விடுங்கள், நட்டுக்கு மாறுங்கள்" என்ற பிரசாரத்தை வெளியிட்டார். தன் வியாபாரத்தின் பெரும்பகுதியைத் தானே வெட்டிக்கொண்டார்! அவர் கெட்டுப்போகவில்லை. பின்னாளில் "படகோனியா" என்ற பெரிய கம்பெனியைத் தொடங்கியவரும் அவர்தான்.

இரண்டும் தெரிந்த பெண்!

"சுவரில் ஏறுகிறவன் கை பலமாக இருக்கும். அவனுக்கு இந்தப் பழைய வித்தை எதுக்கு?" என்று கேட்கலாம். லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையைக் கேட்டால் பதில் கிடைக்கும்.

14 வயதில் கலிபோர்னியாப் பாறைகளில் பழைய முறையில் ஏறக் கற்றவர் அவர். 1980-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குப் போய், போட்டிகளில் வெற்றி மேல் வெற்றி பெற்றார். பிறகு 1993-ல், யோசெமிட்டியில் எல் கேப்பிட்டன் பாறையின் "மூக்கு" என்ற பாதைக்கு வந்தார்.

அந்தப் பாறையின் உயரம் சுமார் 3 ஆயிரம் அடி! சென்னை எல்.ஐ.சி. கட்டிடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக 16 தடவை அடுக்கினாலும் எட்டாது. 1957-ல் அதில் முதன்முதலாக ஏறத் தொடங்கியவர்கள், 1958 நவம்பரில்தான் உச்சியைத் தொட்டார்கள். அதுவும் ஆணியையும் கயிற்றையும் பிடித்துத் தொங்கி!

லின் ஹில் கயிற்றைப் பிடித்து ஏறவில்லை. விழுந்தால் தாங்க மட்டும் கயிறு. மற்றபடி கையும் காலும் பாறையில். 1993-ல் அப்படி ஏறி முடித்தார். அதற்குமுன் அந்தப் பாதையில் ஆண், பெண் யாருமே அப்படி ஏறியது இல்லை! மறு ஆண்டே 24 மணி நேரத்துக்குள் மீண்டும் ஏறிக் காட்டினார்.

போட்டி அவருக்கு விரல் பலம் கொடுத்தது. பழைய வித்தை பாறையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு உயரம் எட்டியிருக்காது.

இதே லின் ஹில் 1989-ல் பிரான்சில், போல்ட் அடித்த பாறையில் ஏறியவர், இடுப்புக் கயிற்றின் முடிச்சை முடிக்க மறந்துவிட்டார். பேச்சு சுவாரசியம்! 70 அடிக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் பிழைத்தார். "போல்ட் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்ற நினைப்பு எவ்வளவு பெரிய ஆளையும் கவிழ்க்கும்.

போல்ட்டும் நிரந்தரம் அல்ல. தாய்லாந்தின் கிராபி கடலோரப் பாறைகளில், துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி அடித்த போல்ட்டுகளே உப்புக் காற்றில் அரித்து முறிந்தன. பிறகு டைட்டானியத்தில் மாற்றினார்கள். தொங்குகிற போல்ட் நல்லதா, கெட்டதா என்று பார்த்துச் சொல்லும் கண்ணையும் பழைய வித்தைதான் தருகிறது.

"ஆபத்தை விலைக்கு வாங்கணுமா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பழைய முறையில் ஆபத்து கூடுதல்தான். கருவி ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய்.

ஆனால் ஆபத்து வருவது கற்பதால் அல்ல, கற்காமல் போவதால்! போல்ட் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டாலோ, நடுவில் மழை பிடித்துக்கொண்டாலோ, கைபலம் மட்டும் காப்பாற்றாது. எங்கே கயிற்றைக் கட்டுவது, எப்படி இறங்குவது, எப்போது "போதும், திரும்பலாம்" என்பது தெரியவேண்டும். பத்திரமாக இறங்கத் தெரிந்தவன்தான் ஏறத் தெரிந்தவன்.

கற்கும் வழியும் கடினம் அல்ல. முதலில் தரையில் நின்றபடியே பாறை வெடிப்பில் நட்டு சொருகிப் பழகவேண்டும். அனுபவசாலி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக் குறை சொல்லவேண்டும். அடுத்து அவர் முன்னால் ஏற, பின்னால் போய்க் கருவிகளைக் கழற்றவேண்டும். நல்ல கை எப்படி வைத்திருக்கிறது என்று கழற்றும்போதுதான் புரியும். முன்னால் ஏறுவது அதற்கும் பிறகு.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நிலையங்களும் உண்டு. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமயமலை மலையேற்ற நிலையத்தில் முதல் களப் பயிற்சி இயக்குநராக இருந்தவர், எவரெஸ்ட் வீரர் டென்சிங். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிலையம் 1965-ல் தொடங்கியது. இரண்டிலும் முடிச்சு, பாறை ஏற்றம், கயிற்றில் இறங்குதல் எல்லாம் அடிப்படைப் பாடம்.

சுவர் நடத்துகிறவர்களும் ஒன்று செய்யலாம். ஒரு மூலையில் மரப் பலகையில் வெடிப்பு மாதிரி அமைத்து, நட்டு வைக்கப் பழக்கலாம். பெரிய செலவு இல்லை.

அடுத்த மாதக் கட்டணம் கட்டும்போது பெற்றோர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்:

"என் பிள்ளைக்கு ஏறக் கற்றுக் கொடுத்தீங்க, சந்தோஷம். பாறையில் பத்திரமா இறங்கி வீட்டுக்கு வரக் கற்றுக் கொடுப்பீங்களா?"