தொட்டியில் ஒளியும் மீன்

புனே நகரம் கடலினின்றும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் விலகி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, சுமார் 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கே கடல் மீனை வளர்க்க விரும்புவோர் முதலில் கடலையே தயாரித்துக்கொள்ளவேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் பலவகை உப்புக்களின் கலவையை நன்னீரில் கரைத்து, அந்நீரைச் சில வாரங்கள் பழகவிட்ட பின்னரே மீனை அதில் விடுதல் கூடும். சமையலுப்பு மட்டும் இதற்குப் போதாது.

இத்தனை பாடுபட்டு ஒரு தொட்டியை அமைத்த பள்ளி ஒன்றினை அந்நகரில் கண்டேன். வந்த மீன்களோ பாறைக்குப் பின்னே புகுந்தவை வெளிப்படவில்லை. மாணவர் ஏமாற்றமடைந்தனர். ஆசிரியர் நல்லெண்ணத்துடன் பாறைகள் அனைத்தையும் அகற்றிவிட்டார். மீன்கள் நன்கு தெரிந்தன. ஆனால் இரண்டொரு நாளில் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. கடைக்காரர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார் என்று பள்ளியில் பேசிக்கொண்டனர். அங்ஙனமும் இருக்கலாம். எனினும், பாறைகளை எடுத்ததே அவற்றின் துன்பத்தைப் பெருக்கிற்று என்பது என் கருத்து.

பவழப் பாறைகளில் வாழும் சிறுமீனுக்கு மறைவிடம் என்பது வீடு மட்டுமன்று, அதன் தொழிற்கருவியுமாகும். உளுவை இனத்துச் சில மீன்களைப் பாருங்கள். கண்பார்வை குறைந்த ஓர் இறால் மணலில் வளை தோண்டுகிறது. மீன் அதன் வாயிலில் காவலிருக்கிறது. இறாலின் உணர்கொம்பு மீனின் உடலைத் தொட்டவண்ணம் இருக்கும். பகை தோன்றியவுடன் மீன் வாலை அசைக்க, இரண்டும் வளைக்குள் மறைகின்றன. இதனைக் கூச்சமென்று கூறுதல் பொருந்துமா? காவற்காரன் தன் கடமையைச் செய்கிறான், அவ்வளவே. ஹாலிகோரிஸ் பேரினத்து மீன்கள் இருள் சூழ்ந்ததும் மணலுக்குள் புதைந்து உறங்கும். மீனைக் காணோமென்று மணலைக் கிளறிய அன்பர்கள் பலர் உண்டு. பெருங்கண்ணும் செந்நிறமும் வாய்ந்த மைரிப்ரிஸ்டிஸ் மீன்கள் பகலில் குகையிற் கிடந்து இரவில் இரைதேடுவன. பத்து மணி வகுப்பில் அவை வெளிவரவேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஆந்தையை நண்பகலில் பறக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

வியப்புக்குரிய செய்தி யாதெனில், மறைவிடம் மிகுந்த தொட்டியிலேயே மீன் மிகுதியாக வெளியே உலவுகிறது. ஓடி ஒளிய ஒரு துளை அருகிலுண்டு என்னும் நிலையில் அது அச்சமின்றி நடமாடும். அத்துளை இல்லையேல் மூலையில் ஒடுங்கி, நிறம் மங்கி, இரையையும் மறுக்கும். துணிவுள்ள வேறொரு மீன் உடனிருப்பின் புதியதும் விரைவில் வெளிவரக் காணலாம். கண்ணாடியைத் தட்டி அழைப்பது மட்டும் ஒருபோதும் உதவாது. நீரினுள் அவ்வதிர்ச்சி மீனின் உடலெங்கும் உறைக்கும்.

இனி, எல்லா ஒளிதலும் இயல்பானதன்று என்பதையும் கூறவேண்டும். தொடக்கமுதல் ஒளியும் மீன் வேறு. நேற்றுவரை முன்வந்து இரையுண்டு இன்று திடீரென மறையும் மீன் வேறு. பின்னதன் செவுள் மூடி எத்துணை விரைவாக அசைகிறது, உடலில் வெண்புள்ளி உண்டா, நீர்மட்டத்தில் வாய் திறந்து நிற்கிறதா என்று நோக்குக. புதுத்தொட்டியில் அம்மோனியா மிகுதலே பெரும்பாலும் காரணமாகும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவை. புனேயில் மற்றொரு காரணமும் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை பன்முறை 10 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும். பவழக் கடல் மீனுக்கோ சுமார் 25 முதல் 28 டிகிரி வேண்டும். இரவில் மின்சாரம் தடைப்பட்டு வெப்பமூட்டி நின்றால், காலையில் மீன் ஒடுங்கிக் கிடப்பதில் வியப்பில்லை. அத்தகைய மீனைக் "கூச்ச சுபாவம்" என்று விட்டுவிடுதல் பிழை.

இவ்வளவு ஆராய வேண்டுமோ எனச் சிலர் வினவக்கூடும். கடலின் அலங்கார மீன்களுள் பெரும்பாலான இனங்கள் இன்றும் இயற்கைப் பாறைகளினின்றே பிடிக்கப்படுகின்றன. சில நாடுகளில் சயனைடு நஞ்சைத் தெளித்துப் பிடிக்கும் கொடுமையும் நிகழ்ந்துள்ளது. பள்ளித் தொட்டியில் அறியாமையால் இறக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாகப் பாறையினின்றும் மற்றொன்று எடுக்கப்படும். இவ்வகையில் கோமாளி மீன் ஒரு நல்ல விலக்கு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தான் 1947-இல் தோன்றிப் பின் மண்டபத்தில் வளர்ந்த வரலாற்றுக்கு ஏற்ப, மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் அதனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்தது. தொட்டியிற் பிறந்த குஞ்சு மனிதர் நடமாட்டத்திற்குப் பழகியது; கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். முதன்முறை தொட்டி அமைக்கும் ஆசிரியர் இதனையே கேட்டு வாங்குவது நலம்.

களப்பணியாளர் ஒருவர் பாறைக்குளத்தருகே அசையாது அமர்ந்து காத்திருப்பதைப்போல மாணவரையும் தொட்டிக்கு ஓரடி அப்பால் பத்து நிமிடம் அமர்த்துக. மீன் எத்துளையில் புகுந்தது, எப்பொழுது தலைநீட்டிற்று, எவர் அசைந்தபோது மறைந்தது என்பவற்றை அவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும். விளக்கணைத்த பின் மங்கிய செவ்வொளியில் மீண்டும் நோக்கலாம். மீன் தென்படாத நாளின் பக்கத்தையும் வெறுமையாக விடாது, நேரத்தையும் நீரின் வெப்பத்தையும் அவசியம் குறிக்கச் செய்க.