சமபங்கு என்னும் அநியாயம்

அட்டவணையைப் பற்றி ஒரு கதாசிரியன் எழுதுவதா என்று வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். "காதலைப் பற்றி எழுது, கண்ணீரைப் பற்றி எழுது, செஞ்சிக்காரனாயிற்றே, 1714-இல் மாண்ட தேசிங்கு ராஜனைப் பற்றியாவது எழுது. பத்திகளின் அகலத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று உனக்கு என்ன தலையெழுத்து?" என்று கேட்கலாம். கண்ணீரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தக் கண்ணீர் பதினெட்டு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு பத்தியிலிருந்து புறப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, எங்கள் விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கிவிட்டுப் போயிற்று. சில வாரங்களுக்குப் பிறகு, பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த காகிதம். பயிர்ச் சேதப் பட்டியல் ஒன்று பி.டி.எஃப். கோப்பாகச் செல்போனில் வந்ததாம்; ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்திருந்தார்.

"தம்பி, என் நெலம் 118-ல 2ஏ1. இதுல வெறும் 118-ல 2-ன்னு போட்டிருக்கு. உட்பிரிவு ஆகி இருவது வருசம் ஆச்சு. இல்லாத நம்பருக்குப் பணம் எப்படித் தம்பி வரும்?"

இதைக் கேட்பதற்காக இரண்டு தடவை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போய், இரண்டு தடவையும் சரியான ஆளைப் பார்க்க முடியாமல் திரும்பியிருந்தார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரி. 118/2 என்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வரியில், அனாதையைப் போல, 'ஏ1' என்று ஒன்று நின்றுகொண்டிருந்தது. இடம் போதாமல் எண் இரண்டாக ஒடிந்து கீழே விழுந்திருக்கிறது! வரிசைகளுக்கு நடுவே குறுக்குக் கோடும் இல்லை. கீழே விழுந்த 'ஏ1' தம்முடையதா, அடுத்த வீட்டுக்காரருடையதா என்று பெரியவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கும் மேலே ஒரு பெண்மணி, கோவிந்தம்மாள். அந்த அம்மாள் 'கோவி' என்று ஒரு வரியிலும், 'ந்தம்' என்று அடுத்த வரியிலும், 'மாள்' என்று மூன்றாவது வரியிலுமாகத் துண்டு துண்டாகக் கிடந்தாள்.

இத்தனைக்கும் இடம் இல்லாமல் போகவில்லை. 'வரிசை எண்' என்ற முதல் பத்தியில் 1, 2, 3 என்ற ஒற்றை இலக்கங்கள் ஜமீன்தார்களைப்போலக் காலை நீட்டிப் படுத்திருந்தன! ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் ஓர் அங்குலம் விட்டால் மீதி ஏறக்குறைய 159. அதை ஒன்பது பத்திகளுக்கும் சமமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். வரிசை எண்ணுக்கும் அதே அகலம். தகப்பனார் அல்லது கணவர் பெயருக்கும் அதே அகலம். இதுவா சமதர்மம்?

பக்கத்து வீட்டுப் பையன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டு, "மாமா, இதெல்லாம் மார்க்அப் முறை. எழுதுகிறவர் பொருளை மட்டும் எழுதினால் போதும். இது தலைப்பு, இது அட்டவணை என்று குறியிட்டுக் கொடுத்துவிட்டால், தோற்றத்தை இயந்திரம் கவனித்துக்கொள்ளும். அதுதான் இதில் உள்ள சௌகரியம்" என்றான்.

இந்தச் சித்தாந்தத்தோடுதான் எனக்குச் சண்டை. பொருள் வேறு, தோற்றம் வேறு என்பது தலைப்பின் நிறத்துக்குப் பொருந்தலாம். அட்டவணைக்குப் பொருந்தவே பொருந்தாது. அட்டவணையில் ஒரு சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதன் பொருள். இடம் மாறினால் பெயர் மாறும்; பெயர் மாறினால் பணம் மாறும்.

பையன் நல்லவன். விடாமல் கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டான். ஹெச்.டி.எம்.எல். முறையில் அட்டவணையை 'நிலையான அமைப்பு' என்று அறிவித்துவிட்டு, எந்தப் பத்திக்கும் அகலம் சொல்லாமல் விட்டால், இயந்திரம் எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துவிடும். எழுத்து வெளியே வழியாமலிருக்க 'எங்கு வேண்டுமானாலும் உடை' என்ற கட்டளையையும் சேர்த்துவிட்டால், நம் கோவிந்தம்மாளின் கதிதான். பாண்டாக் என்று ஒரு கருவி. எளிய குறியீட்டில் எழுதியதை பி.டி.எஃப். ஆக்குவது. அட்டவணையின் ஒரு வரி 72 எழுத்துக்கு மேல் போனால், தலைப்புக்குக் கீழே நாம் இடும் சிறு கோடுகளின் எண்ணிக்கையை வைத்தே அது பத்திகளின் அகலத்தை நிர்ணயிக்கிறதாம். "எல்லாரும் எல்லாப் பத்திக்கும் மும்மூன்று கோடு போட்டுவிடுவோம் மாமா, பழக்கதோஷம்" என்றான். ஆஸ்கிடாக் முறையில் 1, 4, 4, 3 என்று விகிதத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். லேடெக் முறையில் இத்தனை சென்டிமீட்டர் என்றே சொல்லிவிடலாம்.

ஆக, வித்தை இல்லாமலில்லை. அந்த ஒரு வரியை எழுத மனசுதான் இல்லை!

இயந்திரமே அளந்துகொள்ளட்டுமே என்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 'கோவிந்தம்மாள்' என்பதை எண்ணிப் பாருங்கள். நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கிலோ பதின்மூன்று. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. எழுத்தின் எண்ணிக்கையைக் கொண்டு அகலத்தை மதிப்பிடும் இயந்திரம் தமிழில் ஏமாறாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, ஆங்கிலத்துக்கென்று வரைந்த கட்டங்களை அப்படியே எடுத்து, 'வில்லேஜ்' என்ற குட்டிச் சொல் இருந்த இடத்தில் 'வருவாய்க் கிராமம்' என்பதைத் திணிக்கிறோம். பிள்ளையின் சட்டைக்குள் தகப்பனை நுழைத்துவிட்டு, தையல் பிரிகிறதே என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை.

ஈய எழுத்துக் காலத்தின் கடைசி நாட்களைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். அச்சுக் கோப்பவரிடம் அட்டவணை வந்தால், எழுத்துப் பெட்டியில் கை வைப்பதற்கு முன் முழுவதையும் ஒரு முறை படிப்பார். ஒவ்வொரு பத்தியிலும் மிக நீளமான சொல் எது என்று தேடி, அதை முதலில் கோத்து அளந்த பிறகுதான் பித்தளைக் கோடுகளை வெட்டுவார். வரியின் தொடக்கத்தில் மெய்யெழுத்து வராமல் பார்த்துக்கொள்வார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அட்டவணையைப் படிக்கப் போகிறவன் ஒருவன் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

"சமமாகப் பிரிப்பதுதானே நியாயம்?" என்று யாராவது கேட்டால், செஞ்சிக்கு அருகே உள்ள திருநாதர்குன்றுக்கு வரட்டும். அங்கே ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக, இரண்டு வரிசையில் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் செய்த அட்டவணை அது! எல்லாருக்கும் ஒரே அளவு இடம். ஏன்? இருபத்துநால்வரும் சமமானவர்கள் என்பது சிற்பியின் கருத்து. அவன் யோசித்துச் சமமாக்கினான். நாம் யோசிக்காததால் சமமாக்குகிறோம். இரண்டும் ஒன்றாகுமா?

ஆகவே, பட்டியல் தயாரிக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. எண்களை ஒடிக்காதீர்கள், சர்வே எண், பரப்பு, தொகை இவற்றுக்கு வேண்டிய அகலத்தை முதலில் ஒதுக்குங்கள். மீதியைப் பெயருக்கும் ஊருக்கும் விகிதம் பார்த்துக் கொடுங்கள். போதவில்லையா? தாளைப் படுக்கையாகத் திருப்புங்கள். 297 மில்லிமீட்டர் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் தேவையற்ற பத்தி எது என்று பார்த்து நீக்குங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு பக்கத்தை அச்செடுத்து, அதில் பெயர் உள்ள ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கோப்பைத் தயாரித்தவர் படித்தால் போதாது. அவருக்கு விடை முன்பே தெரியும்.

அன்று பையன் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி தட்டெழுதி, அகலங்களைத் திருத்தி, அச்செடுத்துக் கொடுத்தான். பெரியவர் விரலை வைத்து, தம் பெயரிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். 118/2ஏ1 என்ற இடம் வந்ததும் விரல் நின்றது.

"அப்ப இது மொதல்லயே இருந்ததா தம்பி?" என்று கேட்டார்.

இருந்தது என்றேன். இரண்டு தடவை பஸ் ஏறிப் போனாரே, அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.