டயரிலும் முத்திரை பார்ப்போம்



தராசுக்கு முத்திரை இல்லாமல் நாம் வியாபாரம் செய்வதில்லை. எலக்ட்ரானிக் தராசை ஆண்டுதோறும் மறுமுத்திரைக்குக் கொண்டு போகிறோம். ஆனால் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டியின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு அலாய் வீலும் அகலமான டயரும் மாட்டுவது நகரத்தோடு நிற்கவில்லை. ஐயங்கார்குளம் போன்ற ஊர்களிலும் இதைக் காண்கிறோம். பிள்ளைகள் ஆசைக்காகக் காரில் மாட்டுகிறார்கள். சிலர் கூடுதல் பாரம் தாங்கும் என்று நம்பிச் சரக்கு வண்டியிலும் மாட்டுகிறார்கள். இதில் லாப நட்டம் எது என்பதை நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அகல டயருக்குப் பலனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயக் கார்கள் ஓடுகின்றன. பட்டன் இல்லாத அகலமான டயர் அங்கே காய்ந்த தரையைப் பற்றிக்கொண்டு வளைவில் காரை நிறுத்துகிறது. ஆனால் மழை வந்தால் அதே காருக்குப் பட்டன் உள்ள வேறு டயர் மாட்டுவார்கள். காரணம், டயர் அகலமாக ஆக, அடியில் சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது கடினமாகிறது. வேகத்தில் வண்டி தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அளவு விஷயத்தில் கார் கம்பெனிகள் எவ்வளவு கவனமாக இருக்கின்றன என்று பாருங்கள். மாருதி ஸ்விஃப்ட் 2018 மாடலில் குறைந்த விலை ரகத்துக்கு 165/80 ஆர் 14, உயர்ந்த ரகத்துக்கு 185/65 ஆர் 15. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் அங்குலம். கூட்டிப் பார்த்தால் முதலாவதன் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. அகலம் 20 மில்லிமீட்டர் கூடியும் உயரம் மாறவில்லை. அதே ரிம்மில் 205/65 மாட்டினால் உயரம் 647.5 ஆகிவிடும். வேக மீட்டர் 4 சதவீதம் குறைத்துக் காட்டும். வளைவில் மட்கார்டில் உரசும். ரிம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பேரிங் சீக்கிரம் போகும். சக்கரத்தின் எடை கூடுவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

பாரம் தாங்குவது அகலமல்ல. டயரின் கட்டுமானமும் அதற்குள் இருக்கும் காற்றழுத்தமும்தான். பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து இருக்கும் எண்தான் எடை எண். 73 என்றால் ஒரு டயர் தாங்குவது 365 கிலோ. 88 என்றால் 560 கிலோ. பார்வைக்கு அகலமான கார் டயர், ஒல்லியாகத் தெரியும் 8 பிளை சரக்கு டயரைவிடக் குறைவான பாரம் தாங்கக்கூடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டயர் எவ்வளவு பெரிதானாலும் அச்சும் பட்டையும் பிரேக்கும் பழையவைதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பாரத்துக்கு மேல் ஒரு மூட்டையும் கூடாது. சித்ரா பௌர்ணமியன்று வரதர் நடவாவிக்கு எழுந்தருளும்போது ஐயங்கார்குளம் சாலையில் குழந்தை குட்டிகளோடு நடந்துவரும் ஜனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடித்த இடத்தில் நிற்காத வண்டிக்கு எந்த அலங்காரமும் அழகல்ல.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. கம்பெனி நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி. இவற்றைவிடப் பெரிய நட்டம், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்சேபம் எழுப்ப நாமே இடம் கொடுப்பதுதான். ஒரு கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் ஒரு சிறு கடையின் முதலே கரைந்துவிடும்.

ஆகவே உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது இவை: மாற்றத்தான் வேண்டுமென்றால், அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே பொருத்தும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடை எண் பழையதைவிடக் குறையக் கூடாது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பருப்புப் பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல் டயரிலும் பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

டயர் கடை வைத்திருப்பவர்களும் நம் சங்கத்துச் சகோதரர்களே. கேட்டதைக் கொடுப்பது வியாபாரம் என்று அவர்கள் சொல்லலாம். கலப்படம் கேட்டாலும் கொடுக்க மாட்டோம் என்பதுதான் மளிகைக்காரர் தர்மம். பொருந்தாத அளவைக் கேட்டு வருகிறவரிடம், இது உங்கள் வண்டிக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு விற்பனை போகலாம். ஒரு வாடிக்கையாளர் நிலைப்பார். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறுப்பினர் வண்டிகளின் டயரையும் காற்றையும் இலவசமாகப் பார்த்துச் சொல்ல டயர் வியாபாரிகள் முன்வர வேண்டும் என்றும், அதற்கான ஏற்பாட்டைச் சங்கம் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.