உடற்கல்வியும் ஒரு கல்வியே

ஆண்டுதோறும் இறுதித் தேர்வுகள் நெருங்கும் வேளையில் மூன்றாம் ஆண்டு மாணவர் சிலர் தமிழ்த்துறைக்கு வந்து, அடுத்து என்ன படிக்கலாம் என்று நம்மைக் கேட்பது வழக்கம். முதுகலை, ஆசிரியர் பயிற்சி, போட்டித் தேர்வு, வெளிநாடு என நாம் கூறும் விடைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இவ்வாண்டு, கால்பந்து அணியில் ஆடும் மாணவர் ஒருவர், மற்றவர் எல்லாம் சென்ற பின்னர்த் தயங்கி நின்று, உடற்கல்வி ஆசிரியருக்கான பட்டம் பயில விரும்புவதாகச் சொன்னார். சொன்ன கையோடு, "வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் ஐயா. பட்டம் வாங்கியும் விசில் ஊதவா போகிறாய் என்று வாப்பா கேட்கிறார்" என்றும் சொன்னார். அந்தத் தந்தையாரின் கேள்விக்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரை.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் தலைமுறையினர் பள்ளியில் கண்ட 'டிரில் மாஸ்டர்' எத்தகையவர்? காலை வழிபாட்டில் வரிசையை நேராக்குவார். தாமதமாக வந்தவனைத் திடலைச் சுற்றி ஓடவிடுவார். தலைமையாசிரியரின் பிரம்பாக இயங்குவார். விளையாட்டுப் பாடவேளை வந்தால் கணக்காசிரியர் அதைக் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் உள்ள பள்ளிகளில் இன்றும் இதுவே நிலை. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை வருத்தி இயங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் பிள்ளைகளுக்கு வாரத்துக்கே அவ்வளவு கிடைப்பது அரிது.

ஆயினும், ஒரு தொழிலைச் சிலர் தாழ்வாக நடத்தினார்கள் என்பதனால் அதன் கல்வியும் தாழ்வானதாகிவிடாது. இந்தியாவில் இத்துறைக்கென எழுந்த முதல் கல்லூரி நம் சென்னையில்தான் தோன்றியது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்கி வருகிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராக இருந்தவரும் அவரே. 2005 முதல் தமிழ்நாட்டில் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே உள்ளது; சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் அது அமைந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் மண்ணில் வேரூன்றிய கல்வியை நாம் இன்னும் விசிலளவில் அளந்துகொண்டிருக்கிறோம்.

அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள் என்று பெரியோர் கேட்கலாம். உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், கற்பிக்கும் முறை, விளையாட்டு மருத்துவம், அளவீடு, யோகம், நிருவாகம் எனப் பாடங்கள் பல. இவற்றுள் நடுநாயகமாக நாம் கருதுவது 'கினீசியாலஜி' எனப்படும் பாடமாகும். அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இதனை இயக்கவியல் என்று தமிழாக்குவோர் உண்டு. ஆனால் அச்சொல்லை இயற்பியலார் ஒரு புறமும் பொதுவுடைமை மெய்யியலார் மறுபுறமும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டனர். ஆதலால் உடலசைவியல் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

உடலசைவியல் சொல்லும் ஒரு சிறு செய்தியை இங்கே காண்போம். முழங்கையை மடித்து, உள்ளங்கையில் 5 கிலோ எடையைத் தாங்கி நிற்கிறோம் எனக் கொள்வோம். முழங்கை மூட்டு நெம்புகோலின் தாங்குபுள்ளி. எடை அம்மூட்டிலிருந்து ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதனைத் தூக்கும் மேற்கைத் தசையோ மூட்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே முன்கை எலும்பைப் பற்றியிருக்கிறது. எனவே, கையின் சொந்த எடையைச் சேர்க்காமலேயே, அத்தசை 35 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்கவேண்டியதாகிறது. இது நட்டமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் தசை சிறிதளவு சுருங்கினால் உள்ளங்கை நெடுந்தொலைவு நகர்கிறது, பந்து பறக்கிறது. வலிமையைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்ட அமைப்பு நம் கை.

இதனை அறிந்த ஆசிரியர், வளரும் பருவத்துச் சிறுவனிடம் பெருஞ்சுமையைத் தூக்கக் கொடுக்கமாட்டார். வேகப்பந்து வீசும் பதினான்கு வயதுப் பையனை, நன்றாக வீசுகிறான் என்பதற்காகவே நாள் முழுதும் வீசவைக்கவும்மாட்டார். அவ்வயதில் கீழ்முதுகு எலும்பில் நுண்ணிய முறிவு தோன்றுவது வேகப்பந்து வீச்சாளரிடையே நன்கு அறியப்பட்ட துன்பம். அறியாத ஆசிரியர் கைதட்டுவார். ஓராண்டு கழித்து அப்பையன் ஏன் விளையாட வருவதில்லை என்றும் அவருக்குத் தெரியாது.

அசைவை உற்றுநோக்குதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சியைப் பாடிய புறநானூற்றுப் புலவர் சாத்தந்தையார், ஒரு கால் எங்கே அழுந்தியது, மறுகால் எங்கே நின்று தடுத்தது என்பது வரை குறித்திருக்கிறார். மருத்துவ மேதை இப்னு சீனாவும் தம் 'கானூன்' நூலில், நலம் பேணும் முறைகளுள் உணவுக்கும் உறக்கத்துக்கும் முன்னதாக உடற்பயிற்சியை வைத்தார். இடைக்காலத்தில்தான் நாம் உடலை மறந்துவிட்டுப் படிப்பு என்று பேசத் தொடங்கினோம்.

கணக்கு வராதவனுக்கு உடற்கல்வி என்னும் எண்ணமும் பரவலாக உண்டு. நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்று இதற்கு மறுமொழி சொல்லும். ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு நேரம் குறிப்பவராக நம்மை அழைத்திருந்தார்கள். 200 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் ஒரு சுற்று ஓட்டம். வெளித்தடத்தில் ஓடுபவன் பெரிய வட்டத்தைச் சுற்றவேண்டும் அல்லவா? அதை ஈடுசெய்ய அவனை முன்னே தள்ளி நிறுத்தவேண்டும். அங்கிருந்தவர் ஒவ்வொரு தடத்துக்கும் ஐந்து எட்டு வைத்து அளந்து, சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டார்.

முறைப்படி கணக்கிட்டால் வருவது வேறு. தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தின் தொலைவை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், மற்றத் தடங்களை அவற்றின் உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பர். ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் தடத்தவன் 7.04 மீட்டர் முன்னே நிற்கவேண்டும். அதன்பின் ஒவ்வொரு தடத்துக்கும் 7.67 மீட்டர் கூடும். நான்காம் தடத்துக்கு 22 மீட்டருக்கு மேல் வரும். வியப்பு என்னவெனில், சுற்றளவு 200 மீட்டராயினும் 400 மீட்டராயினும் இவ்வளவு மாறுவதில்லை. தடத்தின் அகலமே இதனை முடிவு செய்கிறது. அன்று நான்காம் தடத்துச் சிறுவனுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 12 மீட்டர். முதல் தடத்தவனைவிட ஏறக்குறைய 10 மீட்டர் கூடுதலாக ஓடி, அவன் மூன்றாவதாக வந்தான். அவன் வென்றிருக்கவேண்டியவன் என்பதை அந்தத் திடலில் எவரும் அறியவில்லை. நாமும் அன்று அறியவில்லை. பின்னர் ஓர் உடற்கல்வி இயக்குநர் தாளில் போட்டுக் காட்டியபோதே அறிந்தோம். அச்சிறுவனை நினைக்குந்தோறும் நமக்கு உறுத்தல்தான்.

இனி, இப்படிப்பைத் திட்டமிடுவது எங்ஙனம்? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி பி.பி.எட். என்பது பட்டப் படிப்புக்குப் பின் பயிலும் ஈராண்டுக் கல்வியாயிற்று. முன்னர் அது ஓராண்டே. எத்துறைப் பட்டமாயினும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், ஏற்பளிக்கப்பட்ட பள்ளி, மாவட்ட அல்லது கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கலந்துகொண்ட சான்றும் உடையோர் சேரலாம் என்பது அவ்விதிகள் காட்டிய வழிகளுள் ஒன்று. தமிழ் இலக்கியம் பயின்றவருக்கும் வணிகவியல் பயின்றவருக்கும் இக்கதவு திறந்தே இருக்கிறது. பள்ளி முடித்தவுடனே பி.பி.இ.எஸ். என்னும் மூன்றாண்டுப் பட்டத்தில் சேர்வோரும் உளர். விதிகள் அவ்வப்போது மாறுபவை. ஆதலால் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பார்த்தே விண்ணப்பிக்கவேண்டும்.

எந்த வழி சிறந்தது எனக் கேட்டால், முதலில் ஒரு பாடத்தில் பட்டம் பெற்றுப் பின்னர் உடற்கல்விக்குச் செல்வதையே நாம் விரும்புவோம். காலில் ஒரு காயம் பட்டால் வாழ்க்கையே நின்றுவிடும் நிலையில் ஓர் இளைஞர் இருத்தலாகாது. விலங்கியல் பயின்றவருக்கு உடற்கூறு எளிதாகும். தமிழ் பயின்றவருக்கு வகுப்பில் விளக்கும் திறம் கைவரும். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்கவேண்டா, திடலைப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு ஒருநாள் சென்று நில்லுங்கள். அங்கே எவரும் ஓடவில்லை என்றால், அந்தப் பட்டம் தாளில் மட்டுமே இருக்கும். வருகையே வேண்டா, கட்டணம் போதும் என்று தூது வருமாயின், அக்கல்லூரி இருக்கும் தெருப்பக்கமே போகாதிருத்தல் நன்று.

உடற்கல்வி ஆசிரியரும் பயிற்றுநரும் ஒருவரல்லர் என்பதும் தெளிவாதல் வேண்டும். ஒரு விளையாட்டில் ஆழ்ந்து வீரரை உருவாக்க விழைபவர், 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயத்தை நாடலாம். உடற்கல்வி ஆசிரியரின் பொறுப்பு வேறு. பந்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளை, பருத்த பிள்ளை, மூச்சிரைப்புள்ள பிள்ளை, ஒரு கால் சூம்பிய பிள்ளை உட்பட நாற்பது பேரையும் இயங்கவைப்பவர் அவர். வெற்றிக் கோப்பைகளை எண்ணி அவரை மதிப்பிடும் பள்ளி நிருவாகத்தார் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

மேற்படிப்புக்கு எம்.பி.எட். உண்டு. மேல்நிலைப் பள்ளி முதல்நிலை உடற்கல்வி இயக்குநர் பணிக்கு, முதுகலை ஆசிரியர் தேர்வோடு சேர்த்தே ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. கல்லூரிப் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகள் முதுகலைப் பட்டத்தோடும் தகுதித் தேர்வோடும் நில்லாமல், முப்பது வயது வரையுள்ள ஆடவர் 12 நிமிடத்தில் 1800 மீட்டரும், பெண்டிர் 8 நிமிடத்தில் 1000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்கவேண்டும் என்றன. தமிழ்ப் பேராசிரியர் பணிக்கு இப்படி ஒரு விதி இல்லாதது நம் நற்பேறு.

தண்டனை குறித்தும் ஒரு சொல். உடற்பயிற்சியைத் தண்டனையாக்குவது நம் பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்தது. சட்டம் ஒருபுறமிருக்க, திருக்குறள் மனனம் செய்யாதவனை ஓடவிட்டால் அவன் குறளையும் வெறுப்பான், ஓட்டத்தையும் வெறுப்பான். இதில் உடற்கல்வியாசிரியரைவிட, பையனை அவரிடம் அனுப்பிவைக்கும் நம்மைப் போன்றோரின் பிழையே பெரிது.

சமுதாயப் பெரியோரிடம் நாம் தனியே விண்ணப்பிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் பெண்மக்கள் பருவம் எய்தியதும் விளையாட்டு நின்றுவிடுகிறது. கற்பிப்பவர் ஆடவர் என்பதே பெற்றோர் பலர் கூறும் காரணம். ஆனால் எலும்பின் உறுதி பெரிதும் சேர்வது அந்த வளரிளம் பருவத்திலேதான். பின்னாளில் முதுகுவலியும் முழங்கால்வலியுமாய் அன்னையர் படும் பாட்டை வீடுதோறும் காண்கிறோம். பெண்ணாசிரியர் இல்லையே என்று வருந்தும் நாம், நம் புதல்வியரில் எத்துணைப் பேரை உடற்கல்வி பயில அனுப்பினோம்? உடையைக் காட்டித் தயங்குவோர்க்கும் இன்று விடை உண்டு. தலையை மறைத்து ஆடுவதைக் கால்பந்து விதி 2014-லும் கூடைப்பந்து விதி 2017-லும் ஏற்றுக்கொண்டுவிட்டன. மதில் சூழ்ந்த திடலும் ஒரு பெண்ணாசிரியரும் இருந்தால், நம் மகளிர் பள்ளிகளில் மாலைப் பொழுது வேறாகிவிடும். கட்டட நிதி திரட்டும் அறக்கட்டளைகள் ஆண்டுக்கு ஒரு மாணவிக்கு இப்படிப்புக்கான கட்டணத்தை ஏற்றால் ஏழெட்டு ஆண்டுகளில் நம் வட்டாரத் தேவை பெரிதும் நிறைவேறும்.

தமிழ்த்துறைக்கும் இதில் பணி இருக்கிறது. உடற்கல்வி மாணவர் பலர் தமிழ்வழியில் பயின்று வருபவர். அவர்கள் எதிர்கொள்ளும் நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. தசைகளின் பெயரை இலத்தீனில் உருப்போட்டு, எது எங்கே இருக்கிறது என்பதை அறியாமலே தேர்வெழுதிவிடுகிறார்கள். நம் துறையினரும் ஓர் உடற்கல்வி இயக்குநரும் ஒன்றாக அமர்ந்தால், மூட்டுகள், தசைகள், அசைவு வகைகள் பற்றி எளிய கையேடு ஒன்றை ஒரு விடுமுறைக் காலத்துக்குள் எழுதிவிடலாம். முதல் வரைவுக்கு நாம் அணியமாக இருக்கிறோம்.

அந்த மாணவரின் தந்தையார் சென்ற கிழமை துறைக்கு வந்திருந்தார். நான்காம் தடத்துச் சிறுவனின் கதையை அவரிடம் சொன்னோம். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தவர், எழுந்து செல்லும்போது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டார். மாணவரிடம் போட்டிச் சான்றிதழ்கள் மூன்று இருக்கவேண்டும். தேடியதில் ஒன்றே அகப்பட்டது. மற்றவற்றுக்கு நகல் கேட்டுத் தாம் பயின்ற பள்ளிக்கு எழுதியிருக்கிறார்.