கணக்குப் புத்தகம் எமது கையில் இருக்கட்டும்

கடையின் பழைய கணக்குப் புத்தகத்தை எந்த வியாபாரியும் குப்பையில் போடமாட்டார். சென்ற பருவத்தில் எது விற்றது, எது தேங்கியது என்பதை அறிய அதைத்தான் புரட்டிப் பார்க்கின்றோம். இணையத்தளம் வைத்திருப்போருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தளத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்பதே அது. இக்கணக்கை வைப்பதற்கு 2005 ஆம் ஆண்டு முதல் கூகுள் நிறுவனம் இலவசமாக வழங்கிவருவது 'கூகுள் அனலிட்டிக்ஸ்'.

இதன் பழைய பதிப்பு, இலவசப் பாவனையாளர்களுக்கு 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 2024 ஜூலையில் பழைய தரவுகளைப் பார்க்கும் வழியும் அடைபட்டது. பிரதி எடுத்து வைக்காதவர்களுக்குப் போனது போனதுதான். இனிப் புலம்பிப் பயனில்லை. 2020 இல் அறிமுகமான ஜிஏ4 என்ற புதிய பதிப்பிலாவது நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

புதிய பதிப்பில் நன்மையும் உண்டு. முன்பு ஒருவர் ஒரே பக்கத்தை ஐந்து நிமிடம் ஆறுதலாக வாசித்துவிட்டுப் போனாலும், பெரும்பாலும் வந்தவுடன் திரும்பியவராகவே எண்ணப்பட்டார். இப்போது 10 செக்கன்களுக்கு மேல் நின்றாலே அவர் ஈடுபாட்டுடன் வந்தவராகக் கொள்ளப்படுகிறார். அளவுகோல் மாறிவிட்டதால் பழைய எண்களையும் புதிய எண்களையும் அருகருகே வைத்து, வியாபாரம் கூடியது, குறைந்தது என்று முடிவு செய்யக்கூடாது.

இனிக் கவனிக்க வேண்டியது ஒன்று. தரவுகளை விரிவாக ஆராயும் பகுதியில் ஜிஏ4 ஆரம்பத்தில் 2 மாதத் தரவுகளையே வைத்திருக்கும். அமைப்புகளில் அதை 14 மாதமாக மாற்றலாம். நோன்புப் பெருநாள் வியாபாரத்தை நம்பியிருக்கும் துணிக்கடைக்காரருக்கு இது சிறிய விடயமல்ல. 2 மாதத் தரவில் சென்ற பெருநாள் தெரியாது. 14 மாதத்தில் தெரியும். பெருநாள் வருடாவருடம் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருவதால், சென்ற ஆண்டின் அதே திகதிகளோடு ஒப்பிடாமல் பெருநாளுக்கு முந்திய வாரங்களைத் தாமே தெரிவு செய்து ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி தனது மின்னஞ்சலிலேயே அதையும் திறந்திருப்பார். அவர் வெளிநாடு போய்விட்டால் எமது கணக்கின் சாவியும் அவரோடு போய்விடும். கல்லாப்பெட்டிச் சாவியை இப்படிக் கொடுப்போமா?

ஆகவே, இந்த வாரமே அவரை அழைத்து மூன்று வேலைகளைச் செய்விப்போம். கணக்கின் நிர்வாக உரிமையை எமது மின்னஞ்சலுக்கு மாற்றுவது. தரவுக் காலத்தை 14 மாதமாக்குவது. வட்ஸ்அப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பதை எண்ண ஏற்பாடு செய்வது. அதன்பின் மாதம் ஒருமுறை அறிக்கையைப் பிரதியெடுத்துக் கோவையில் வைப்போம். இலவசமாகத் தருபவர் நாளை மீண்டும் கருவியை மாற்றலாம். அன்று எமது கணக்கு எம்மிடமே இருக்கும்.